மன்னவனூரில் இருந்த முகம்

பள்ளங்கி திருமலைச்சாமி, உயிரோடு இருந்த மகளுக்குத் தலை முழுகியவர். பேசி முடித்த மாப்பிள்ளையை உதறிவிட்டு, ஆடு வளர்க்கும் ஆண்டிச்சாமியோடு மன்னவனூருக்குப் போய்விட்டாள் சோலையம்மாள். குடும்ப மானத்துக்காக ஊரறிய முழுகினார். பெயரை யாரும் வீட்டில் எடுக்கக்கூடாது என்றார். முகத்தை என்ன செய்வது? இரட்டைப் பெண்களில் மற்றவளான அழகம்மாள் சோறு போடக் குனிந்தால் அதே முகம்தான். அவர் இலையைப் பார்த்தே சாப்பிடுவார். கை கழுவப் போகும்போது ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொள்வார்.

அறுபதுகளின் கடைசியில் அந்த முகமும் வெளுக்கத் தொடங்கியது. கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் டாக்டர் சேனாதிபதி சொன்னார்: "எலும்புக்குள்ள மஜ்ஜை வத்திப்போச்சுங்க. ரத்தம் ஊறல. நாம ஏத்துற ரத்தம் கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும். கூடப் பொறந்தவங்க யாரும் உண்டா?"

"ஒருத்தி. இரட்டைப் பிள்ளை. செத்துப்போனா."

"அடடா! மத்தவங்க மஜ்ஜை ஒட்டுறதில்ல. அச்சு அசலா இருக்குற இரட்டைன்னா வெளிநாட்டுல ஒட்டியிருக்கு. பொழைச்சிருக்காங்க."

கட்டிலில் கிடந்த அழகம்மாள் அப்பாவின் வார்த்தையைக் கேட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் வெள்ளனே, மன்னவனூர்ப் பக்கம் போகும் கிழங்கு லாரியில் திருமலைச்சாமி ஏறினார்.

கதவைத் திறந்த சோலையம்மாளைப் பார்த்ததும், நோய் வருவதற்கு முந்தைய அழகம்மாளே நிற்பதுபோல் இருந்தது. இந்த முறை அவர் இலையைத் தேடவில்லை. கண் நிறையப் பார்த்தார்.

"தலை முழுகினவ வாசல்ல நிக்கிறீங்களே, திரும்பிப் போயி இன்னொருக்க முழுகணுமா?"

"அழகுக்கு ரத்தம் ஊறல. உன் இடுப்பெலும்புல மஜ்ஜை எடுத்து ஏத்துனா பொழைப்பாளாம்."

அவள் உடனே அடுப்பைத் தணித்தாள். "வாரேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவ நல்லா இருந்திருந்தா, வந்திருப்பீங்களா?"

"வந்திருக்க மாட்டேன். வரணும்னு மனசு கெடந்து அடிச்சுக்கிச்சு."

பட்டணத்து ஆஸ்பத்திரியில் சோலையம்மாளின் இடுப்பெலும்பில் ஊசி போட்டு எடுத்த மஜ்ஜையை அழகம்மாளின் நரம்பில் ஏற்றினார்கள். ஒட்டுமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சில வாரம் போனபின் அழகம்மாளின் நகக்கண்ணில் சிவப்பு தெரிந்தது.

ஊர் திரும்பி, கொடைக்கானலில் மூவரும் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். "பள்ளங்கிக்கு வந்துட்டுப் போயேன், தாயி," என்றார்.

"சும்மா எப்பிடி வாரது? வெத்தல பாக்கோட வந்து அவரையும் முறையாக் கூப்பிடுங்க. எங்களுக்கும் ஒரு மானம் இருக்குல்ல."

"உங்க மகளேதான்," என்று அழகம்மாள் சிரித்தாள்.

மன்னவனூர் ஜீப் வளைவில் மறையும்வரை நின்றார். பிறகு நிமிர்ந்த முதுகோடு கடைத்தெருவில் இப்ராம்சா கடைக்கு நடந்தார்.

"நல்ல கொழுந்து வெத்தலையா எடுங்க, பாய். மருமகனைக் கூப்பிடப் போகணும்."