வெட்டி எறிந்த ஏடு

தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தவர்களுக்கான கூழ் அது. ஆறினால் கட்டியாக நிற்கும். நாக்கால் அழுத்தினால் உடையும். உடையாவிட்டால் மூச்சை அடைக்கும். உடைகிறதா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை.

இயந்திரத்தின் கம்பி கூழுக்குள் இறங்கும். எவ்வளவு அழுத்தம் தேவைப்பட்டது என்று திரையில் எண் வரும். முந்நூறைத் தாண்டக் கூடாது.

முதல் மாதம் எண்கள் தறிகெட்டு ஓடின. ஒரே பாத்திரத்துக் கூழில் ஒரு கிண்ணம் இருநூறு காட்டியது, அடுத்தது நானூறு. கூழின் குளிர்ச்சியை மாற்றினாள், கம்பியின் வேகத்தை மாற்றினாள். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் மேலே படிந்த ஏட்டை வெட்டி எறிந்துவிட்டு நடுப்பகுதியை மட்டும் வைத்தாள். இருநூற்றுப் பத்து. இருநூற்றெட்டு. மறுபடி இருநூற்றுப் பத்து.

"இப்பத்தான் மெஷினுக்குப் புத்தி வந்திருக்கு" என்றார் மேலாளர். அந்த முறையை எழுதிச் சுவரில் ஒட்டினார்கள்.

அண்ணனுக்கும் அதே அறுவை. பத்து நாளாகப் பேச்சில்லை, சிலேட்டுதான். மதியம் அவள் பார்க்கப் போனபோது, அவன் முன்னால் அவள் கம்பெனிக் கூழ்க் கிண்ணம் அரைமணி நேரமாகத் திறந்திருந்தது.

"என்னண்ணா, பாதிகூட ஆகலை? ஒவ்வொரு வாயையும் ஊர்வலம் கூட்டிட்டுப் போறியா?"

அவன் எழுதினான்: 'உன் சமையலுக்கு இது தேவலாம்.'

அவள் சிரித்தாள். அடுத்த வாயில் அவன் முகம் கறுத்தது. நர்ஸ் ஓடிவந்து அவனைக் குனியவைத்து முதுகில் தட்டினாள். தட்டில் வந்து விழுந்தது, நகமளவு ஏடு. கிழியாமல், முழுசாக.

அதை விரலால் நசுக்கிப் பார்த்தாள். உடையவில்லை.

அவனுக்கு மூச்சு சீராகும்வரை இருந்தாள். பிறகு வேலையிடத்துக்கு ஓடினாள். மூன்று கிண்ணங்களைத் திறந்து, அரைமணி நேரம் வைத்து, ஏடோடு சோதித்தாள். மூன்றும் ஐந்நூறுக்கு மேல்.

மணி மூன்றரை. நான்கு மணிக்கு ஏழு மருத்துவமனைகளில் அடுத்த வேளைக் கூழ்.

"மூணே மூணு கிண்ணம்மா" என்றார் மேலாளர். "நாளைக்கு முப்பது போட்டுப் பாரு. அப்புறம் பேசலாம்."

"போடறேன் சார். அதுவரைக்கும் யாரும் சாப்பிடக் கூடாது."

"கையெழுத்து உன்னோடது. ஞாபகம் இருக்கா?"

"இருக்கறதாலதான் சொல்றேன்."

அவர் தொலைபேசியைப் பார்த்தார், எடுக்கவில்லை. அவள் எடுத்தாள்.

முதலில் அண்ணனின் வார்டு. பிறகு வரிசையாக. எல்லோரிடமும் ஒரே பேச்சு: "நான்தான் சோதிச்சேன். தப்பாச் சோதிச்சிட்டேன். கிண்ணத்தை எடுத்துடுங்க." சிலர் திட்டினார்கள். ஒருத்தி, இதை எழுதிக் கொடு என்றாள். தருகிறேன் என்றாள் இவள்.

ஏழாவது இடத்தில் வெகுநேரம் மணி அடித்த பிறகு ஒரு நர்ஸ் எடுத்தாள்.

"இன்னிக்குச் சீக்கிரமே கொடுத்துட்டோமே. ஒரு பெரியவர் சாப்பிட்டுட்டு இருக்காரு... ஐயையோ, இருங்க!"

ரிசீவர் மேசையில் விழுந்தது. ஓடும் காலடிகள். இருமல். பிறகு இருமலும் நின்றது.

அவள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். மேலாளர் எழுந்து பக்கத்தில் வந்து நின்றார்.

"துப்பிட்டாரு" என்றது குரல், மூச்சு வாங்க. "மத்த கிண்ணத்தையெல்லாம் எடுத்தாச்சு. நான் இதை எழுதி வைக்கணும். உங்க பேரு?"

அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.