மச்சத்துக்குக் கீழே ஒரு கட்டம்

சேலைகளை மறைப்பாகக் கட்டி வெள்ளத்தாயின் உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் தேய்த்துக்கொண்டிருந்த தங்கை இருளம்மாளின் கை அக்காளின் நெஞ்சில் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்கு வைத்த கோபால்ட் கதிர் சுட்ட இடம் கறுத்துத் தோலுரிந்து ஒரு கட்டமாக இருந்தது. அக்காளின் மச்சம் அதற்கு மேலே, கட்டத்துக்கு வெளியே, தனியாகக் கிடந்தது.

மச்சம் கட்டத்துக்கு நடுவிலல்லவா இருக்க வேண்டும்?

மதுரை ஆஸ்பத்திரிக்கு முதல் நாள் துணைக்குப் போனவள் இருளம்மாள்தான். உணவுக்குழாயில் கட்டி. சின்ன வயது டாக்டர் ஒருவர் நெஞ்சில் ஊதா மையால் கட்டம் போட்டார். மச்சம் சரியாக நடுவில் இருந்தது. பிறகு முதுகுக்கு அடியில் ஃபிலிம் வைத்து, அதே கதிரில் ஒரு படம் எடுத்து, விளக்குப் பெட்டியில் மாட்டிக் காட்டினார். மங்கலாகத்தான் இருந்தது. ஆனாலும் கதிர் எங்கே விழுகிறதென்று இது காட்டிக்கொடுத்துவிடும், வாராவாரம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். அவருக்கு மாற்றல் வந்தது. அதோடு படமும் நின்றது. மில்லில் லீவு போட்டுவிட்டுப் போய் இருளம்மாள் கேட்டபோது, மெஷின் ஓட்டுகிறவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கோடுதான் இருக்கிறதே, படம் எதற்கு என்றார்.

கடைசியில் அக்காளுக்கு எச்சில்கூட இறங்கவில்லை. நோய் முற்றிவிட்டதென்று கையை விரித்துவிட்டார்கள். நோயைத் தொடாமலே நெஞ்சைச் சுட்டால் முற்றாமல் என்ன செய்யும்? இருளம்மாள் வேலை பார்க்கும் ராஜபாளையம் மில்லில் நூல் கண்டைக்கூட எடுத்துப் பார்த்துத்தான் வெளியே அனுப்புகிறார்கள். ஒரு மனுஷிக்கு ஒரு படம் எடுத்துப் பார்க்க அவர்களுக்குக் கை வரவில்லை.

ஈரக்கையோடு வெளியே வந்தாள். அக்காள் புருஷன் சீனிச்சாமி பந்தலடியில் பெஞ்சில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பட்டாளத்தில் இருந்து வந்தவர்.

"அத்தான், காரியம் முடியட்டும். நாம மதுரைக்குப் போறோம். அவுகளச் சும்மா விடப்படாது."

அவர் மறுத்துத் தலையை ஆட்டினார். அவர்களைக் குறை சொல்லக் கூடாது என்றார். வைத்தியத்துக்கு நடுவில் ஆடிப்பூரத்துக்கு வெள்ளத்தாய் ஊருக்கு வந்திருந்ததைச் சொன்னார். கோட்டில் தண்ணீர் படக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். ஆனால் ஆண்டாள் தேருக்கு மஞ்சள் தேய்த்துத் தலை முழுகாமல் எப்படிப் போவது? கோடு போய்விட்டது. வைத்தியத்தை நிறுத்திவிடுவார்களென்று அழுதிருக்கிறாள்.

"நான்தான் திரும்பப் போட்டுவிட்டேன். பட்டாளத்துல மேப்புல கோடு போட்ட கை இது. ஸ்கேல் வச்சு, ஒரு நூல் பிசகாமப் போட்டேன். அவுகளும் பாத்தாக, ஒண்ணுஞ் சொல்லல."

அந்த முகத்தில் அழுகைக்கு நடுவிலும் கொஞ்சம் பெருமை இருந்தது. மச்சத்துக்குக் கீழே இறங்கிய கட்டம் இந்தக் கை போட்டது என்று இருளம்மாளுக்கு விளங்கியது.

"மதுரைக்குப் போயி என்ன கேக்கணுங்கிறே?"

"வாராவாரம் படம் எடுக்கணும்னாகள்ல. ஏன் எடுக்கலன்னு கேக்கணும்."

"எடுத்திருந்தா?"

கோட்டை யார் போட்டால் என்ன, பார்க்க வேண்டியவன் பார்த்திருந்தால் அன்றைக்கே அழித்துத் திருத்தியிருப்பான். அந்தப் பாவிகள் பார்க்காததை இந்த மனிதர் தலையில் ஏற்றுவதா?

"எடுத்திருந்தா நம்ம மனசு ஆறியிருக்கும், அத்தான்" என்றாள்.

உள்ளே போய் அவளே அக்காளுக்கு ரவிக்கை மாட்டினாள். கட்டமும் மச்சமும் தெரியாதபடி கூறைப்புடவையைக் கழுத்துவரை இழுத்துச் செருகினாள். அதற்குப் பிறகுதான் குங்குமம் வைக்கச் சீனிச்சாமியைக் கூப்பிடச் சொன்னாள்.

அவர் குனிந்து வைத்தார். பொட்டு நெற்றியின் நடுவை விட்டுச் சற்றுக் கீழே இறங்கிவிட்டது.

"சரியா இருக்கா, இருளம்மா?"

"சரியாத்தான் இருக்கு, அத்தான்" என்றாள் இருளம்மாள்.