பரண் சாக்கு

பரணிலிருந்து இறக்கிய சாக்கை ஆதம் வாசலுக்கு இழுத்துக்கொண்டு போகும்போது ஹஸ்னா பானு குறுக்கே போய் அதன் வாயைப் பிடித்துக்கொண்டாள். முன்னறையில் அவளுடைய வாப்பா நஜ்முதீனைக் குளிப்பாட்டி, கபன் துணி சுற்றிக் கிடத்தியிருந்தார்கள்.

"விடு மக்கா. குழி வெட்டுத ஆளு இருக்கும்போதே இதையும் பக்கத்துல அடக்கிருவோம். அல்லாஹ் பேரு உள்ள காகிதம், கால் படக்கூடாது," என்றார் ஆதம். வாப்பாவின் அண்ணன். அவர் சொல்லை அந்த வீட்டில் யாரும் தட்டியதில்லை.

"விட மாட்டேன், பெரியவாப்பா."

மூன்று தலைமுறையாக நிரம்பிய சாக்கு அது. அரபி எழுத்து கண்ணில் பட்டால் போதும், கிழிந்த குர்ஆன் ஏடா, அரபி எழுத்தில் தமிழை எழுதிய வீட்டுக் கடிதமா என்று பார்க்கிற வழக்கமே கிடையாது. முத்தமிட்டு, கண்ணில் ஒற்றி, உள்ளே போட்டுவிடுவார்கள். டெலிபோன் ஆபீஸில் ஓய்வுபெற்ற நஜ்முதீன் போன மாதம் ஏதோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தார். பழைய யூதச் சுவடிகளைப் பற்றிய பாடம். "யூதன் பாடம் உமக்கெதுக்கு வே?" என்று தெருவே கேலி பேசியது. மனுசன் அசையவேயில்லை. காதில் ஹெட்போனும் மடியில் நோட்டுமாக உட்கார்ந்துவிட்டார். ஆறு வாரத்தில் ஐந்து முடிந்திருந்தது.

"கெய்ரோவுல யூதங்க தொழுவுத பள்ளியிலயும் இப்படித்தான் போட்டு வச்சிருந்தாங்களாம். ஆயிரம் வருசக் கடுதாசி. அந்த ஜனம் எப்படிப் பொழைச்சுதுன்னு அதுலதான் தெரியுதாம். பாடம் முடியவும் நம்ம சாக்கைப் பிரிக்கணும்னு வாப்பா சொல்லிட்டே இருந்தாங்க. குர்ஆன் ஏட்டைத் தனியாப் பிரிச்சுத் தாரேன், கொண்டு போங்க. மத்தது போகாது," என்றாள் ஹஸ்னா பானு.

"மத்தியான லுஹர் தொழுகைக்கு வாப்பாவை எடுக்கணும், ஏட்டி."

"அதுக்குள்ள தாரேன்."

கைகால் முகம் கழுவி ஒளூ செய்துவிட்டு உள்ளறையில் உட்கார்ந்தாள். அச்சடித்த குர்ஆன் ஏடுகள் வெள்ளைத் துணிக்கு, கையெழுத்துக் காகிதமெல்லாம் பாய்க்கு. ஈரம் பட்டால் மை கரையுமே என்று முழங்கையால் முகத்தைத் துடைத்துத் துடைத்துப் பிரித்தாள். வாப்பாமேல் ஆத்திரமாக வந்தது. இன்னும் ஒரு வாரம் இருந்திருக்கக் கூடாதா?

பாங்கு சொல்லும்போது ஆதம் வந்தார். துணி மூட்டையை வாங்கிக்கொண்டவர், பாயிலிருந்த ஒரு காகிதத்தையும் பழக்கதோஷத்தில் எடுத்து முத்தமிட்டார். கண்ணில் ஒற்றப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"எங்க உம்மா எழுத்து," என்றார். கொழும்பில் கடைவேலையில் இருந்த புருஷனுக்கு அந்த அம்மாள் எழுதியது. ஆதம் விரல் வைத்து, எழுத்துக் கூட்டி வாசித்தார். "ஆதம்... தம்பியக் கீழ விட மாட்டேங்கான். எந்நேரமும்... இடுப்புலயே வச்சுக்கிட்டுத் திரியுதான்."

முன்னறையில் ஆட்கள் எழுந்துவிட்டார்கள். யாரோ அவரைக் கூப்பிட்டார்கள்.

ஆதம் காகிதத்தைப் பாயிலேயே திரும்ப வைத்தார். "சன்னலைச் சாத்து மக்கா. காத்துல பறந்துரும்," என்றார். பிறகு போய், நஜ்முதீனைக் கிடத்திய சந்தூக்குப் பெட்டியின் முன்பக்கம் தோள் கொடுத்தார்.