பச்சை வார்ப்பு

ஆறாவது ஞாயிற்றுக்கிழமையும் கோதண்டம் விடிந்ததும் விடியாததுமாகக் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, சுரண்டியைத் துணியில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பியபோது, பவுனம்மாள் வாசலில் பாதிக் கோலத்தோடு நிமிர்ந்தாள். இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள். லீவு நாளில் பத்து மணிவரை பாயில் புரளுகிற மனுஷன், ஆறு வாரமாகத் திருவொற்றியூரிலிருந்து ராயபுரத்துக்கு நடையாய் நடப்பதை அவள் மட்டுமா பார்த்துக்கொண்டிருந்தாள்? தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. தெருவுக்கு வாய் வேறு இருந்தது.

“ராயபுரத்துல எவ கீறா?” என்றாள்.

“இரும்புடி. இரும்பப் பாக்கப் போறேன்.”

“இரும்பப் பாக்கவா வெள்ள வேட்டி?”

கோதண்டம் தெருவில் இறங்கினான். அப்படி ஒருத்தி இருந்திருந்தால்கூட எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும் என்று தோன்றியது. பெண் விவகாரம் என்றால் நாலு பேர் கூடுவார்கள், திட்டுவார்கள், காறித் துப்புவார்கள், ஒருநாள் தலைமுழுகி வீட்டோடு வந்து சேர்ந்துவிடலாம். இது அப்படித் தலைமுழுகுகிற விஷயமாக இல்லை.

சொன்னது ஒரே ஒரு பொய். அதைச் சொல்வதற்கு முன்னால் நடந்தது இது. கோதண்டம் வேலை செய்வது சுப்பராயனின் பட்டறையில். அங்கே இரும்பைக் கடைகிற லேத்து மெஷின் செய்கிறார்கள். லேத்தின் உயிர் அதன் பெட்டு, ஓர் ஆள் நீளத்துக்குக் கிடக்கும் வார்ப்பிரும்பு. அதன் முதுகில்தான் மற்றதெல்லாம் ஓடும். அந்த முதுகைக் கையாலேயே சுரண்டிச் சுரண்டி மயிரிழை பிசகாமல் நேராக்குவது கோதண்டத்தின் வேலை. ஆனால் உலையிலிருந்து வந்த வார்ப்பை உடனே தொடக்கூடாது. அதற்குள் ஒரு முறுக்கு இருக்கும். வெயிலிலும் மழையிலும் ஒரு வருஷம் வெட்டவெளியில் போட்டு வைத்தால்தான் அது அடங்கும். அடங்குவதற்குள் சுரண்டி நேராக்கினால் இன்றைக்கு நேராக நிற்கும், அடுத்த வாரம் தன் குணத்தைக் காட்டும். பட்டறையில் அதைப் பச்சை வார்ப்பு என்பார்கள். சுடாத பானையில் உலை வைக்கிற மாதிரிதான் அதை வைத்து லேத்து செய்வது.

சண்டை நடந்த காலத்தில் சீமையிலிருந்து கப்பல் வரவில்லை. சுப்பராயனின் லேத்துக்கு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். சண்டை முடிந்ததும் மிலிட்டரிக்காரன் தன்னிடமிருந்த மெஷினையெல்லாம் ஏலம் போட்டான். அது தீர்வதற்குள் ஹார்பரில் ஜப்பான் மெஷின் வந்து இறங்கியது. பெயின்ட் பளபளவென்று இருக்கும், விலை முக்கால்வாசிதான். சுதந்திரம் வந்து மூன்று வருஷம் ஆகிறது, சொந்த நாட்டு மெஷின் என்று மேடையில் பேசுகிறவன்கூட வாங்க வரும்போது விலையைத்தான் கேட்டான். சுப்பராயனின் கொல்லையில் பதினொரு பெட்டுகள் பதமாகி, வாங்க ஆளில்லாமல் துருப்பிடித்துக் கிடந்தன. கூலி கொடுக்க வழியில்லாத ஒரு மாதத்தில் அவர் அத்தனையையும் பழைய இரும்புக்காரனுக்கு ஏற்றிவிட்டார். விதைநெல்லைக் குத்திச் சோறாக்கிய கதை. வண்டி கேட்டைத் தாண்டும்வரை கோதண்டம் நின்று பார்த்தான். ஒன்றையாவது நிறுத்தியிருக்கலாம். அன்றைக்கு அது தோன்றவில்லை, கூலி வருகிறதே என்றுதான் தோன்றியது.

சரியாக அடுத்த மாதம் வந்து நின்றார் ஹபீபுல்லா பாய். ராயபுரத்தில் ஹார்பர் படகுகளின் இஞ்சின் ரிப்பேர் செய்கிறவர். ஒரு லேத்து வேண்டும், ஒரு மாதத்தில் வேண்டும், இல்லாவிட்டால் ஜப்பான் மெஷின் தயாராக இருக்கிறது என்றார்.

“ஆனா ஒண்ணு கோதண்டம். அது கெட்டுப்போனா ஜப்பான்லேர்ந்து எவன் வருவான்? நீன்னா ஓடியாருவே. அதுக்கோசரந்தான் கூடக் குடுத்து வாங்குறேன்.” பிறகு கேட்டார்: “பெட்டு ஒரு வருசம் வெயில்ல கெடந்ததுதானே?”

பாயின் முதுகுக்குப் பின்னால் பதினாலு பேர், அராவ ஒன்றுமே இல்லாமல் அராவிக்கொண்டிருந்தார்கள். சுப்பராயன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு மழ பாத்தது பாய்,” என்றான் கோதண்டம். அப்போது அந்த வார்ப்பு இன்னும் ஊற்றப்படக்கூட இல்லை.

லேத்து போய் இறங்கிய முதல் ஞாயிறே மனசு கேட்காமல் பார்க்கப் போனான். ஒரு கம்பியைப் பூட்டிக் கடைந்து இரண்டு முனையையும் அளந்தான். கம்பியின் மறுகோடியைத் தாங்குகிற வால் பக்கத்து முனை ஒரு மயிரிழை பருத்திருந்தது. புது மெஷினைக் கொஞ்ச நாள் கூட இருந்து பார்ப்பது எங்கள் பட்டறை வழக்கம் என்று பாயிடம் சொல்லிவிட்டு, செந்தூரத்தை எண்ணெயில் குழைத்து மட்டச்சட்டத்தில் பூசிப் பெட்டில் தேய்த்து, சிவப்பு ஒட்டி மேடு தெரிந்த இடத்தையெல்லாம் மத்தியானம்வரை சுரண்டினான். நேரானது. அடுத்த ஞாயிறு போனால் வேறொரு பக்கம் கோணியிருந்தது. அதற்கடுத்த ஞாயிறு இன்னொரு பக்கம். தூங்குகிறவன் போர்வைக்குள் புரளுவதுபோல அந்த இரும்பு உள்ளுக்குள் புரண்டுகொண்டே இருந்தது, இவனும் விடாமல் துரத்திக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு தடவையும் முதுகு கொஞ்சம் தேய்ந்தது. எத்தனை நாளைக்கு இப்படித் தேய்ப்பது என்று கணக்குப் போட அவனுக்குத் தைரியம் இல்லை.

இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் வந்திருந்தான். தண்டையார்ப்பேட்டை தாண்டும்போதே வார்த்தைகளை வாய்க்குள் அடுக்கிப் பார்த்தான். பாய், அது பச்சை வார்ப்பு. எங்கள்மேல்தான் தப்பு. இன்னொன்று செய்து தருகிறோம், ஒரு வருஷம் பொறுங்கள். சொல்லிப் பார்க்கும்போது சுலபமாகத்தான் இருந்தது.

பட்டறையில் பாய் இல்லை. லூர்து உட்கார்ந்திருந்தான். அந்த லேத்தை ஓட்டுகிறவன் அவன்தான். விடிகாலைப் பூசை முடிந்து கோயில் சட்டையோடு வந்திருந்தான். கோதண்டம் வேட்டியை மடித்துக் கட்டி, கம்பியைப் பூட்டப் போனபோது அவன் எழுந்து கிட்ட வந்தான்.

“அளக்க வேணாம் மேஸ்திரி. திரும்பிக்கினுதான் கீது. நீ ஞாயித்துக்கெழம நேராக்கினா, வெள்ளிக்கெழமைக்குள்ள அது திரும்பிக்குது.”

கோதண்டம் கம்பியைக் கீழே வைத்தான்.

“நான் வாலு பக்கம் கொஞ்சம் தள்ளி வெச்சி, கோணலுக்குக் கோணல் குடுத்து ஓட்டிக்கினு கீறேன். சாமான் சரியாத்தான் போவுது. பாய்க்குத் தெரியாது.”

“ஏன் லூர்து சொல்லல?”

“இன்னா மேஸ்திரி கேக்குறே? என் தங்கச்சி புருசன் செல்வம் உங்க பட்டறையிலதானே கீறான்? இது திரும்பி வந்துச்சின்னா அங்க பூட்டு தொங்கும். ரெண்டு புள்ளைங்கள இட்டுக்கினு தங்கச்சி என் வூட்டு வாசல்ல வந்து நிப்பா.” குரலைத் தாழ்த்தினான். “நீயும் சொல்லிடாதே. நான் ஓட்டுற வரைக்கும் ஓட்டுறேன்.”

தான் ஒருவன் சொன்ன பொய்யை இன்னொருவன் தினமும் எட்டு மணி நேரம் கையால் தாங்கிக்கொண்டிருக்கிறான். என்றாவது அவன் ஜுரத்தில் படுத்தால், வேறொருவன் வந்து ஓட்டினால், அன்றோடு முடிந்தது. கோதண்டம் செந்தூரத்தைக் குழைத்தான். சுரண்டி இரும்பில் இழைய, பொடி பொடியாகத் தூள் உதிர்ந்தது.

ஒன்பது மணிக்கு வாசலில் பேச்சுக்குரல். பாய் வந்தார். கூடவே வண்ணாரப்பேட்டை தேசப்பன் வந்தார், மூன்று இடத்தில் ரிப்பேர் பட்டறை வைத்திருக்கிறவர். அவர்களுக்குப் பின்னால் சுப்பராயன். கோட்டின் பட்டனை மேல்வரை போட்டிருந்தார். உள்ளே சட்டைக் காலர் கிழிந்திருப்பது கோதண்டத்துக்குத் தெரியும், முந்தாநாள் பார்த்தான்.

“பாத்துக்க தேசப்பா!” பாய் கையை விரித்தார். “ஆறு வாரம். ஒரு வாரம் தப்பல. வித்துட்டுத் துட்ட வாங்கிக்கினு போனவன், ஞாயித்துக்கெழம வூட்ல சோறு துன்னாம இங்க வந்து மெஷினுக்கு எண்ண தேய்ச்சி குளிப்பாட்டுறான். எந்த ஜப்பான்காரன் வருவான், சொல்லு?”

தேசப்பன் லேத்தைச் சுற்றி வந்தார். பெட்டில் செந்தூரம் காயாமல் கிடந்தது. லூர்து தானாகவே முன்னால் வந்து, ஒரு கம்பியைப் பூட்டி, வாலை யாருக்கும் தெரியாமல் ஒரு தட்டுத் தட்டி வைத்து, கடைந்து காட்டினான். தேசப்பன் அளந்தார். இரண்டு முனையும் ஒன்றுபோல இருந்தது. தலையை ஆட்டிக்கொண்டார்.

“பாய், ஒரு விசயம் தனியா சொல்லணும்,” என்றான் கோதண்டம்.

“இன்னா வெக்கப்படுறே? உன்னப்பத்தி ராயபுரம் டீக்கடை பூரா சொல்லி வெச்சிக்கீறேன். அப்புறம் பேசலாம் இரு.”

தேசப்பன் சுப்பராயன் பக்கம் திரும்பினார். “மூணு மெஷின் வோணும். ஹார்பர்ல ஜப்பான் சரக்கு எனக்கோசரம் எடுத்து வெச்சிக்கீறாங்க. ஒரு மாசத்துல நீ குடுத்தீன்னா உன்னுது. இல்லாங்காட்டி அதை எடுத்துக்கினு போயிடுவேன். வெலை உன்னுதுதான் ஜாஸ்தி, அது பரவால்ல.” கோதண்டத்தைச் சுட்டினார். “ஆனா இவுரு என் மூணு மெஷினுக்கும் இதே மாதிரி வரணும்.”

“வருவாரு,” என்றார் சுப்பராயன். அவசரமாக, கேள்வி முடிவதற்குள்.

“நீ சொன்னா? அவுரு சொல்லட்டும். இன்னா மேஸ்திரி, வருவியா?”

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். பாய் பெருமையோடு பார்த்தார். லூர்து தரையைப் பார்த்தான். சுப்பராயன் பார்த்த பார்வைதான் தாங்கவில்லை. முதலாளி தொழிலாளியை அப்படிப் பார்க்கக்கூடாது. ஒரு வார்த்தை, இல்லை என்ற ஒரே வார்த்தை சொன்னால் போதும், எல்லாப் பாரமும் இறங்கிவிடும். இறங்கி அந்தப் பதினாலு குடும்பத்தின் தலையில் போய் உட்காரும்.

“வரேன் நைனா,” என்றான்.

திரும்பும்போது சுப்பராயன் ரிக்ஷா வைக்கவில்லை, அவனோடு நடந்தே வந்தார். கடல் காற்றில் அவருடைய கோட்டு படபடத்தது.

“டைம் கேட்டிருக்கலாம் மொதலாளி. ஒரு வருசம் வேணாம், ஆறு மாசமாச்சும்.”

“ஆறு மாசம் கழிச்சு நம்ம பட்டறையில ஆடுதான்யா மேயும்.” கொஞ்சம் நடந்து, “எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதே கோதண்டம். ஆறு ஞாயித்துக்கிழமையும் நீ எதுக்குப் போறேன்னு எனக்குத் தெரியும்,” என்றார்.

வியாழக்கிழமை காலை மாட்டுவண்டிகள் வந்தன. மூன்று பெட்டும் ஒரே நாளில். வியாசர்பாடி வார்ப்புக்காரன் மணலைக்கூடச் சரியாக உதறவில்லை, அச்சை உடைத்த கையோடு ஏற்றி அனுப்பியிருந்தான். பட்டறையில் ரொம்ப நாளாகக் கேட்காத சத்தமெல்லாம் கேட்டது. செல்வம் ஓடிப்போய்ச் சூடமும் தேங்காயும் வாங்கி வந்தான். வார்ப்பின் நெற்றியில் சந்தனம் வைத்தார்கள். யாரோ விசிலடித்தார்கள். கடன் கேட்டு வந்த டீக்கடைக்காரன்கூடச் சிரித்துக்கொண்டே, இன்றைக்கு டீ தன் கணக்கில் என்றான்.

கோதண்டம் கூட்டத்துக்குப் பின்னால் நின்று எண்ணிக்கொண்டிருந்தான். ராயபுரத்தில் ஒன்று, வண்ணாரப்பேட்டையில் மூன்று. வாரத்துக்கு ஞாயிறு ஒன்றுதான். எப்படி எண்ணினாலும் ஒன்றுதான் வந்தது.

“மேஸ்திரி, வா மேஸ்திரி! நீ தொட்டுக் குடு, உள்ள எடுத்துக்கினு போலாம்,” என்று செல்வம் கையைப் பிடித்து இழுத்தான். அதுதான் வழக்கம். சுரண்டுகிறவன் உள்ளங்கையை வைத்து, எடுங்க என்று சொன்ன பிறகுதான் பெட்டைப் பட்டறைக்குள் ஏற்றுவார்கள். பதினாலு பேரும் கயிறும் கடப்பாரையுமாகக் காத்து நின்றார்கள். வெயில் இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை, வார்ப்புகள் வேப்பமர நிழலில் கிடந்தன.

கோதண்டம் குனிந்து முதல் வார்ப்பின் முதுகில் கையை வைத்தான். ஜுரக்காரனின் நெற்றிபோல் அது சுட்டது. ஊற்றிய சூடே இன்னும் ஆறவில்லை.

“இன்னா மேஸ்திரி, எடுக்கலாமா?”

கோதண்டம் கையை எடுக்கவில்லை. மணல் ஒட்டிய அந்த இரும்பின் சூடு மெல்ல மெல்ல அவன் மணிக்கட்டுவரை ஏறிக்கொண்டிருந்தது.