துவைத்த சால்வை

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். காலை நீட்டிக்கொள்ளுங்கள், இங்கே யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஒரு நாயை முதல் நாள் டேகேரில், அதுதான் நாய்களைப் பகலில் பார்த்துக்கொள்கிற இடத்தில், கொண்டுபோய் விட்ட கதையைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், வராவிட்டாலும் பாதகமில்லை. கதையில் வருகிற மனிதருக்கே அந்த நாட்களில் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் கீழ்த்தளத்தில் அவருக்குச் சலவை வேலை. மேலே வார்டுகளில் விரித்த துணியெல்லாம் மூட்டை மூட்டையாகக் கீழே வரும். கொதிக்கிற தண்ணீரில் வெளுத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு மறுபடி மேலே அனுப்ப வேண்டும். எல்லாருக்கும் அவர் சலவை அண்ணன். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது அவருடைய அக்கா ஒருத்திதான்.

அக்காவுக்கும் கல்யாணம் அமையவில்லை, இவருக்கும் அமையவில்லை. ஒருத்தருக்கு ஒருத்தர் துணை என்று ஒரு மாடி வீட்டில் காலம் ஓடியது. அக்கா வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு, பழைய துணிகளைப் பிடித்தும் பிரித்தும் கொடுப்பாள். அவள் காலடியில் ஒரு நாய். பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்திருக்கும், இன்னொன்று மடிந்திருக்கும். துணி கொடுக்க வருகிறவர்களையெல்லாம் வாசலில் உட்கார்ந்து ஏற இறங்கப் பார்க்கும். அதனால் அக்கா அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தாள். "மேனேஜரைக் கேட்டுட்டு உள்ள வாங்க" என்பாள்.

அந்த அக்கா போய்விட்டாள். இருதயம். அதே ஆஸ்பத்திரியில், மேலே ஒரு வார்டில். மறுநாள் காலை கீழே வந்த மூட்டைகளில் அவள் படுத்திருந்த விரிப்பும் இருந்திருக்க வேண்டும். எது என்று எப்படித் தெரியும்? எல்லாம் வெள்ளை. இவர் லீவு போடவில்லை, எப்போதும் போல மெஷினுக்குள் தள்ளி மூடினார். வீட்டுக்கு வந்து அவளுடைய புடவை, தலையணை உறை, துண்டு என்று கையில் அகப்பட்டதையெல்லாம் துவைத்துக் காயப்போட்டார். அழுது தீர்த்துவிடு என்றார்கள். வரவில்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, கிள்ளினாலும் தெரியாதே, அந்த மாதிரி முழு மனிதரும் மரத்துப்போயிருந்தார். எது சொன்னாலும் "சரி" என்பார். அவ்வளவுதான்.

மேனேஜருக்கோ அதுவரை தனியாக இருந்து பழக்கமில்லை. இவர் வேலைக்குப் படியிறங்கியதும் ஊளையிட ஆரம்பிக்கும். சாயங்காலம் இவர் தலை தெரிகிறவரை நிறுத்தாது. கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரம்மா ஒருநாள் படியில் மறித்துக்கொண்டார்.

"தம்பி, நான் நாய்க்கு விரோதி இல்ல. உங்க அக்கா இருந்தப்ப அது இருக்கிற எடமே தெரியாது. இப்ப கேக்கவே பாவமா இருக்கு. பக்கத்து வீட்டுக்காரர் வந்து தாம்தூம்னு குதிச்சிட்டுப் போறார். என் கொழுந்தன் குடோனுக்குக் காவல் நாய் தேடுறான். வேளாவேளைக்குச் சோறு போடுவான்."

"கட்டிப் போடுவாரா?"

"குடோன் நாயைக் கட்டாம, பின்ன மடியில வெச்சுக் கொஞ்சுவாங்களா?"

"சரிம்மா" என்றார் இவர். சொன்ன பிறகுதான் எதற்குச் சரி சொன்னோம் என்று உறைத்தது. அக்கா மடியில் தலை வைத்து வளர்ந்தது, குடோன் தூணில் சங்கிலியோடு கிடக்கும். உடம்புக்குள் எங்கேயோ ஒன்று அசைந்த மாதிரி இருந்தது, உடனே அடங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் துணி மடிக்கிற மேஜையில் ஒரு பெண் உண்டு. வாய்த்துடுக்கு, ஆனால் மனசு வெல்லம். அவள்தான் சொன்னாள்: "அண்ணே, குழந்தைங்களை விடுற மாதிரி நாயைப் பகல்ல விட்டுட்டுப் போற எடம் இருக்கு. நம்ம பின்பக்கத் தெருவுலயே இருக்கு. காலையில விட்டுட்டு சாயங்காலம் கூட்டிக்கலாம். அங்க பாத்துக்கற அம்மா முன்ன நர்சரி ஸ்கூல் டீச்சர். இப்பவும் எல்லாரும் டீச்சர்னுதான் கூப்பிடறாங்க. குலைக்கிற பசங்களைப் பாத்துப் பாத்து அலுத்துப்போய் நாய்க்கு மாறிட்டாங்களாம்."

போய்ப் பார்த்தார். கம்பி வேலி போட்ட முற்றம், பின்னால் பாய் விரித்த பெரிய அறை. குட்டை நாய்களுக்கு ஒரு பக்கம், பெரிய நாய்களுக்கு ஒரு பக்கம். டீச்சர் கையில் ஒரு பந்தோடு பேசினார்.

"தடுப்பூசி அட்டை கொண்டு வாங்க. காலையில வயிறு முட்டச் சாப்பாடு போடாதீங்க, ஓடுற ஓட்டத்துல வாந்தி எடுத்துடும். வந்ததும் வேலிக்கு இந்தப் பக்கம் நிறுத்தி மத்ததுங்களை மோந்து பாக்க விடுவோம். அப்புறம் ஒண்ணு ஒண்ணா அறிமுகம். மத்தியானம் எல்லாருக்கும் தூக்கம். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தண்ணியா குடிச்சிட்டு அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கும், பயந்துடாதீங்க. முதல் நாள் சோதனைதான் அண்ணே. சில நாய்க்கு ஒத்து வராது. ஒத்து வரலன்னா முகத்துக்கு நேரா சொல்லிடுவேன், வருத்தப்படக் கூடாது."

"சரி."

"இன்னொண்ணு. அதுகூட இருக்கறவங்க உடுத்தின துணி ஒண்ணு கொண்டு வாங்க. தூங்கறப்ப பக்கத்துல போடுவோம். யார்கிட்ட ஒட்டுதல் அதிகம்?"

"எங்க அக்காகிட்ட. இப்ப அவங்க இல்ல."

டீச்சர் பந்தைக் கீழே வைத்தார். "அவங்க துணி ஏதாவது இருந்தா எடுத்துட்டு வாங்க" என்றார், மெதுவாக.

ஒன்றே ஒன்று இருந்தது. அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய சாம்பல் நிறச் சால்வை. கதவு எப்போதும் திறந்தே கிடந்ததால், எல்லாம் துவைத்த அன்றைக்கு அது இவர் கண்ணில் படாமல் தப்பியிருந்தது. மேனேஜர் மட்டும் அதன் கீழே போய் மூக்கை உயர்த்தி நிற்பதுண்டு. இவர் அதை எடுத்தார். கழுத்துப் பக்கம் எண்ணெய்க் கறை, ஓரத்தில் நூல் துணுக்கு. அதற்குப் பிறகு நடந்ததை என்னவென்று சொல்வேன் கண்ணுகளா! மனசுதான் மரத்திருந்தது, கைக்கு அதன் வேலை தெரியும். அடுத்தவர் இடத்துக்குப் போகிற துணி அழுக்காகப் போகலாமா? ஊறவைத்தார், கசக்கினார், கறைக்குத் தனியாக ஒரு தேய்ப்பு. உலர்த்தி, இஸ்திரி போட்டு, ஆஸ்பத்திரி மடிப்பாக மடித்துப் பையில் போட்டார். வேலை சுத்தமாக முடிந்தது என்று படுத்ததும் தூங்கிவிட்டார்.

காலையில் டீச்சர் பையைத் திறந்ததும் சால்வையை முகத்தருகே கொண்டுபோனார்.

"அண்ணே, துவைச்சுட்டீங்களா?"

"அழுக்கா எப்படிக் கொடுக்கறது டீச்சர்?"

"உடுத்தின துணின்னுதானே சொன்னேன். வாசனை வேணுமில்ல?"

இவர் சால்வையைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். "எண்ணெய்க் கறை இருந்துச்சு" என்றார், மன்னிப்புக் கேட்கிற மாதிரியும் இல்லாமல், நியாயம் சொல்கிற மாதிரியும் இல்லாமல். டீச்சர் நாயின் கயிற்றைக் கையில் வாங்கிக்கொண்டார். "போயிட்டு வரேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுத் திரும்பிப் பாக்காம கிளம்புங்க" என்றார். இவருக்கு அந்த ஒரு வார்த்தையும் வரவில்லை. திரும்பிப் பார்க்காமல் போவது மட்டும் சுலபமாக வந்தது.

மத்தியானச் சாப்பாட்டு வேளை நெருங்கும்போது போன் அடித்தது. மெஷின் இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

"அண்ணே, கேட்டை விட்டு நகர மாட்டேங்குது. தண்ணிகூடத் தொடல. அது ஊளையிட, மத்ததெல்லாம் சேர்ந்து கச்சேரி பண்ணுதுங்க. சால்வையைப் போட்டேன், தாண்டிப் போயிடுச்சு. இப்படியே இருந்தா என்னால வெச்சுக்க முடியாது. வீட்டுல போய்ப் பாருங்க, துவைக்காத துணி எதாவது அகப்படுதான்னு."

போனார். தலையணையை மோந்து பார்த்தார், சோப்பு வாசனை. அலமாரியைத் திறந்தார், சோப்பு. தையல் மெஷின் முக்காலியில் அக்கா போட்டிருந்த மெத்தைத் துணி, அதுவும் சோப்பு. கட்டிலுக்கு அடியில் குனிந்தார். அங்கே தூசிகூட இல்லை. இவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறவர் என்று ஆஸ்பத்திரியில் நல்ல பெயர் உண்டு அவருக்கு. தன் வீட்டு நடுவில் நின்றபோது, அக்காவை ஒரு மூலையும் பாக்கியில்லாமல் தானே வெளுத்துவிட்டோம் என்று புரிந்தது. புரிந்ததே தவிர வலிக்கவில்லை. வலிக்காதது ஏன் என்று மட்டும் கொஞ்சம் பயமாக இருந்தது.

படியில் வீட்டுக்காரம்மா. "தம்பி, கொழுந்தன் சாயங்காலம் வண்டி எடுத்துட்டு வரட்டுமான்னு கேக்கறான்."

இந்தத் தடவை "சரி" என்ற வார்த்தை தொண்டை வரை வந்து நின்றது. "பாத்துட்டுச் சொல்றேம்மா" என்று இறங்கிவிட்டார்.

வெறுங்கையோடு டேகேருக்குப் போனார், நாயைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வரத்தான். தெருமுனை திரும்பும்போதே ஊளை கேட்டது. இவர் நிழல் தெரிந்ததும் நின்றது. மேனேஜர் கம்பி இடுக்கில் மூக்கை நுழைத்துக்கொண்டு, பின்பாகம் மொத்தமும் ஆட, முனகிற்று.

"ஒண்ணும் இல்ல டீச்சர். எல்லாத்தையும் துவைச்சுட்டேன்."

டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க வீட்டுல இருக்கும்போது இது ஊளையிடுமா?"

"இல்ல."

"ராத்திரியில?"

"என் கட்டிலுக்குக் கீழ படுத்துக்கும்."

"அக்காவைத் தேடினா ராத்திரியும்தானே தேடணும்? காலையிலேருந்து இது எந்தப் பக்கம் பாத்துட்டு நிக்குது தெரியுமா? நீங்க நடந்து போன பக்கம்." டீச்சர் கையை நீட்டினார். "சட்டையைக் கழட்டுங்க."

"ஐயோ, இது வேலைச் சட்டை. வேர்வை நாத்தம் டீச்சர்."

"அப்பாடா, ஒண்ணாவது நாறுதே! கொடுங்கண்ணே, இங்க நாய்ங்களைத் தவிர யாரும் பாக்கல."

கழற்றினார். டீச்சர் அதை வாங்கிக் கேட்டுக்கு உள்ளே நீட்டினார். மேனேஜர் சட்டையை வாயால் கவ்வி வாங்கிக்கொண்டு போய்ப் பாயில் போட்டது. இரண்டு சுற்றுச் சுற்றி, அதன்மேல் விழுந்து, மடிந்த காதைக் காலருக்குள் புதைத்துக்கொண்டது. முற்றம் அமைதியாயிற்று.

பனியனோடு நின்ற மனிதரிடம் டீச்சர் சால்வையை நீட்டினார். "இதைப் போத்திக்கிட்டுப் போங்க. இப்ப அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிட்டுப் போங்க."

"போயிட்டு வரேன் மேனேஜர்" என்றார். நாய் ஒரு கண்ணைத் திறந்து மூடியது.

அக்காவின் சால்வையைப் போர்த்திக்கொண்டு கீழ்த்தளத்துக்குள் நுழைந்ததும் மடிப்பு மேஜைக்காரி கையில் இருந்த துணியைப் போட்டுவிட்டாள்.

"என்னண்ணே இது கோலம்? சட்டையை வித்துத் தின்னுட்டீங்களா?"

"மேனேஜர் வாங்கிக்கிட்டாரு."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இவர் உதடும் ஒரு பக்கமாக இழுபட்டது. சால்வையில் அக்கா இல்லை, சோப்புதான் இருந்தது. ஆனாலும் கழற்றி வைக்கத் தோன்றவில்லை. மாற்றுச் சட்டை அலமாரியில் இருந்தும், அதைப் போர்த்தியபடியே சாயங்காலம்வரை விரிப்புகளை மெஷினுக்குள் தள்ளினார்.

சாயங்காலம் மேனேஜர் சட்டையைக் கவ்விக்கொண்டே வெளியே வந்தது. டீச்சர் கேட்டைத் தாழிட்டபடி சொன்னார்: "நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. சட்டை எச்சிலும் மண்ணுமா இருக்கு. இருக்கட்டும். துவைச்சீங்கன்னா உங்களையும் சேர்த்து வெளிய நிறுத்திடுவேன்."

வீட்டுக்காரம்மா வாசலில் இருந்தார். "கொழுந்தனுக்கு என்ன சொல்லட்டும் தம்பி?"

"வேற நாய் பாத்துக்கச் சொல்லுங்கம்மா. இதுக்கு வேலை கெடைச்சுடுச்சு."

டீச்சர் சொன்னபடியே மேனேஜர் கிண்ணம் காலியாகத் தண்ணீர் குடித்தது, அடித்துப் போட்ட மாதிரி கட்டிலுக்குக் கீழே விழுந்தது. இவர் சட்டையைக் கையில் எடுத்தார். காலரில் எச்சில், முதுகில் மண், அக்குளில் வேர்வைக் கறை. கால் தானாகவே வாளிப் பக்கம் நடந்தது. வாளியருகே நின்றார். வெகுநேரம் நின்றார். பிறகு திரும்பி வந்து, கதவுக்குப் பின்னால் காலியாக இருந்த அந்த ஆணியில் அதை அப்படியே மாட்டினார். அழுக்குத் துணியை அவர் ஆணியில் மாட்டியது அதுதான் முதல் தடவை.

கட்டிலில் உட்கார்ந்தார். அப்போதும் அழுகை வரவில்லை, கண்ணுகளா, வந்தது என்று சொன்னால் நான் பொய் சொன்னவளாவேன். மரத்த காலில் முதலில் எறும்பு ஊருமே, அந்த மாதிரி நெஞ்சுக்குள் எங்கேயோ லேசாக ஊர ஆரம்பித்தது. தொங்கிய கையை நாய் தூக்கத்திலேயே ஒருமுறை நக்கிவிட்டுத் தலையைச் சாய்த்தது.

சரி, எழுந்து வீட்டுக்குப் போங்கள். உங்கள் வீட்டு ஆணிகள் காலியாக இருக்க வேண்டாம், உடுத்திய துணிகள் நிறையத் தொங்கட்டும். வெளியே போனவர்கள் பொழுது சாய வீடு திரும்பட்டும். நீங்கள் தெரு திரும்பும்போதே உங்கள் காலடியை அடையாளம் கண்டு வாசலுக்கு ஓடிவர, இரண்டு காலோ நாலு காலோ, ஒரு ஜீவன் உங்களுக்கு என்றைக்கும் இருக்கட்டும்.