சத்தம் போடாத ஃபேன்

"ரிப்பேர் பண்றவரு எப்ப வருவாரு?" என்று கேட்டார் வந்தவர்.

கன்னிகாவின் வலது கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. முன்னால் ஒரு லேப்டாப் வயிறு திறந்து கிடந்தது. மேஜை விளக்கின் வெளிச்சம் நேராக அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவ்வளவையும் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் அப்படிக் கேட்டார்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் இருக்கும் ரவியின் கடையில் அவள் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. இந்தக் கேள்வியைக் கேட்காத ஆண்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். ஆரம்பத்தில் கோபம் வந்தது. இப்போது கோபம்கூட இவர்களுக்கு அதிகம் என்று தோன்றிவிட்டது. பின்மூடியைக் கழற்றினால் ஆள் யாரென்று அவளுக்குத் தெரிந்துவிடும். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டை இன்ஜினியர்கள் கட்டிலில் போர்வைமேல் வைத்துப் படம் பார்ப்பவர்கள், அவர்களுடைய லேப்டாப் ஃபேனில் பஞ்சு அடைத்திருக்கும். லாட்ஜ் மேனேஜர்களுடையதில் கரப்பான் முட்டை. சட்டத்தைத் தவிர வேறு பேச்சே பேசாத ஒரு வக்கீலின் லேப்டாப்பிலிருந்து அரை முறுக்கை எடுத்திருக்கிறாள். எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். நான் ரொம்ப நீட்டா வெச்சிருப்பன்மா.

"நான்தான் பாக்கறன். சொல்லுங்க" என்று நிமிர்ந்தவள் வந்தவரை அடையாளம் கண்டுகொண்டாள். கோகுலகிருஷ்ணன். தலை முழுக்க நரைத்து, கழுத்துச் சதை தொங்கிவிட்டது. ஆனால் எதிரில் இருக்கும் ஆளைப் பார்க்காமல் அந்த ஆளின் தோளுக்குப் பின்னால் வேறு யாரையோ தேடுகிற பார்வை அப்படியே இருந்தது. அந்தப் பார்வை இப்போதும் அவளைத் தாண்டி உள்ளே போய், திரைச்சீலைக்குப் பின்னாலிருந்த ரவியைப் பிடித்துக் கொண்டுவந்தது.

"வாங்க சார், வாங்க. கன்னிகாதான் சார் எல்லாம் பாக்கும். கைராசி" என்றான் ரவி. கடைக்கு அவன் முதலாளி. முதலாளி செய்கிற வேலை, வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பது.

கோகுலகிருஷ்ணன் கதையை ரவியிடம்தான் சொன்னார். மகன் நிதின் அமெரிக்கா போகும்போது வைத்துவிட்டுப் போன லேப்டாப், பத்து வருடம் இருக்கும். இப்போது மிக்ஸி ஓடுகிற மாதிரி சத்தம். அடியில் கை வைக்க முடியவில்லை, சுடுகிறது. எட்டு நிமிடத்தில் தானாக அணைந்துவிடுகிறது.

"பேசிக்கினு இருக்கறப்பவே பொட்டுனு ஆஃப் ஆயிடுது. நான் கோவத்துல கட் பண்றன்னு அவன் நெனச்சுக்கறான்."

"போன்ல பேசலாமே சார்."

"போன்ல பேத்தி மூஞ்சி கொட்டப்பாக்கு சைஸ்ல தெரியுதுய்யா."

ஃபேன் போய்விட்டது, பழைய மாடல் என்பதால் சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும், வியாழக்கிழமை ஆகும் என்று கன்னிகா சொன்னாள். அவர் ரவியைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்திருக்க நியாயமும் இல்லை.

சித்தூரைத் தாண்டி, தமிழ்நாட்டு எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் பாலகுப்பத்தில் பதினெட்டு ஏக்கர் மாந்தோப்பு அவருடையது. கன்னிகாவின் நைனா ரங்கையா அதில் பன்னிரண்டு வருடம் வேலை செய்தார். மரத்துக்கு மருந்து அடிப்பது, பாத்தி கட்டுவது, சீசனில் காய் பறிப்பது. சாயங்காலம் வேலை முடிந்தால் தோப்பு கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார் கோகுலகிருஷ்ணன். வேலையாட்கள் வரிசையாக வந்து பையை அவர் முன்னால் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். ஒன்பது வயதுக் கன்னிகா சில நாள் நைனாவை அழைத்துப்போக வந்து நிற்பாள். பையிலிருந்து தூக்குப்போசியும் வெற்றிலைப் பொட்டலமும் துண்டும் மண்ணில் விழும். தலைப்பாகையோடு குனிந்து விழுந்ததைப் பொறுக்கும்போது நைனா சிரிப்பார். பல் அத்தனையும் தெரிய, அவரைப் பார்த்துச் சிரிப்பார். பையைத் திறக்கச் சொன்னவரை அவள் வெறுத்தாள். சிரித்தவரை அதைவிடக் கேவலமாக நினைத்தாள். படித்ததும், டிப்ளமோ முடித்ததும், தினமும் பஸ்ஸில் திருப்பதிக்கு வந்து போவதும் அந்தச் சிரிப்பு தன் முகத்துக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்று பல தடவை நினைத்திருக்கிறாள்.

வியாழக்கிழமை காலை ஃபேன் வந்தது. வேலையை அவள் எப்போதும் செய்வது போலவே செய்தாள். ஒரு அட்டையில் லேப்டாப்பின் உருவத்தை வரைந்து, கழற்றிய பதினொரு ஸ்க்ரூவையும் அது அது இருந்த இடத்தில் குத்தி வைத்தாள். குட்டை ஸ்க்ரூ இருந்த இடத்தில் நெட்டையைப் போட்டால் போர்டைத் துளைத்துவிடும். முதலில் பேட்டரி வயரைப் பிடுங்கினாள். பிறகு ஃபேனின் நூல் போன்ற வயரை நகத்தால் நெம்பி எடுத்தாள். ஃபேனுக்கும் காற்று வெளியேறும் தகட்டுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் கம்பளி போலத் தூசு படிந்திருந்தது. சாம்பிராணி வாசனை அடித்தது. மூடியின் மூலையில் காய்ந்த குங்குமப் பொட்டு. பூஜை அறையில் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள், பத்து வருடத்தில் ஒரு தடவைகூடத் துடைக்கவில்லை. பிராசஸரின் மேல் சூட்டை இழுக்கப் போட்டிருந்த பழைய பேஸ்ட் சுண்ணாம்பாக உதிர்ந்தது. சுரண்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, துவரம்பருப்பு அளவு புது பேஸ்ட் வைத்து மூடினாள். ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தாள். இன்னும் ஒரு மணி நேரம் ஓடவிட்டாள். வேறு யாருடையதாக இருந்தாலும் ஒரு மணி நேரம்தான்.

நாலு மணிக்கு அவர் வந்தார். பட்டனை அமுக்கிவிட்டுக் காத்திருந்தார். குனிந்து காதை வைத்துக் கேட்டார்.

"சத்தமே காணமே. ஃபேன் சுத்துதா இல்லியா?"

"சுத்துது சார். புதுசு, சத்தம் வராது."

"இத்தினி வருசமா வந்துச்சே."

"அது கெட்டுப்போனதால வந்துச்சு."

பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. கையை எடுத்துத் திருப்பி, அதில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்பது போலப் பார்த்தார். வேலை செய்கிறவன் கத்திக்கொண்டே செய்ய வேண்டும், சத்தம் இல்லையென்றால் ஏமாற்றுகிறான் என்றுதான் அவருக்குத் தெரியும் போலிருக்கிறது என்று கன்னிகா நினைத்தாள்.

"உங்களுக்கு எந்த ஊரும்மா?"

"பாலகுப்பம்."

முதல் தடவையாக அவர் கண் அவள் முகத்தில் நின்றது. "பாலகுப்பத்துல யாரு வூடு?"

"ரங்கையா பொண்ணு."

"ரங்கையா பொண்ணா நீ?" என்றார். அந்த 'உங்களுக்கு' அங்கேயே விழுந்து போயிற்று. லேப்டாப்பைத் தன் பக்கமாக இழுத்தார். கவிழ்த்து, அடியில் இருந்த ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தடவினார். பிறகு ரவியின் பக்கம் திரும்பித் தெலுங்குக்கு மாறினார். "ரவி, நுவ்வே ஒகசாரி விப்பி சூசி இவ்வு. நம்மி இஸ்துன்னாம் கதா." நீயே ஒரு தடவை பிரித்துப் பார்த்துக் கொடு, நம்பித்தானே தருகிறோம். உள்ளே இருந்த நல்ல சாமானை யாராவது எடுத்துவிட்டு வேறு போட்டுவிட்டால் நமக்கு எப்படித் தெரியும் என்றும் சொன்னார். வீட்டில் தமிழ் பேசும் எல்லையோரப் பாலகுப்பத்துப் பெண்ணுக்கு இவ்வளவு தெலுங்கு எங்கே தெரியப்போகிறது என்ற எண்ணம். பத்தாவது வரைக்கும் அவள் படித்தது தெலுங்கு மீடியம்.

"சரே சார். ரெண்டு நிமிசம் சார்" என்றான் ரவி. லேப்டாப்பை அவன் கடைசியாகத் திறந்து வருடக்கணக்காகிறது. ஆனாலும் ஸ்க்ரூடிரைவருக்குக் கை நீட்டினான். பல் அத்தனையும் தெரிந்தது.

கன்னிகா ஸ்க்ரூடிரைவரைத் தரவில்லை. லேப்டாப்பை எடுத்துத் தன் முன்னால் கவிழ்த்து வைத்தாள். மறுபடி அட்டை, மறுபடி பதினொரு ஸ்க்ரூ.

"இன்னா பண்ற கன்னிகா?" என்று ரவி மெதுவாகக் கேட்டான்.

"நான் போட்டத நான் எடுத்துக்கறன் ரவிண்ணா. அவுரு பொருளு அவுருக்கு."

புது ஃபேனைக் கழற்றி எடுத்தாள். டிராயரில் கவரில் போட்டு வைத்திருந்த பழைய ஃபேனை அதே இடத்தில் வைத்து முறுக்கினாள். இருபது நிமிடம் ஆனது. மூடியை மாட்டி பட்டனை அமுக்கியதும் கடை முழுக்க அரவை மெஷின் சத்தம் நிறைந்தது.

"இப்ப சுத்துது சார். கேக்குதுங்களா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் நாற்காலியில் மாட்டியிருந்த தன் கைப்பையை எடுத்து மேஜைமேல் கவிழ்த்தாள். டிபன் பாக்ஸ், சீப்பு, பஸ் பாஸ், ஒரு தலைவலி மாத்திரை அட்டை, பாதி உரித்த கடலைமிட்டாய்.

"இதையும் பாத்துக்கங்க."

அவர் பார்த்தார். பார்க்கக் கூடாது என்று நினைத்திருக்கலாம், ஆனால் பழகிய கண் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் நின்றது. அலறிக்கொண்டிருந்த லேப்டாப்பை அப்படியே மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு சந்தில் இறங்கிப் போனார்.

"பெரிய மனுசன்மா. இப்பிடிப் பண்ணிட்டியே" என்றான் ரவி. அவள் கடலைமிட்டாயை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

சந்திரகிரி தாண்டும்வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள். ஏதோ ஜெயித்த மாதிரி உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போனதும், சாப்பிட்டுக்கொண்டிருந்த நைனாவிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லும்போது குரல் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. கேட்டில் சிரித்துக்கொண்டு நின்ற இந்த மனுஷருக்கு உறைக்கட்டும் என்று இருந்தது.

ரங்கையா பையைக் கவிழ்த்த இடம் வந்ததும் சோற்றுக் கையை உதறிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அதே சிரிப்பு.

"இன்னும் பையத்தான் பாக்கறானா அந்தாளு?"

"இதுல இன்னா நைனா சிரிப்பு?"

"அவன் என்னிக்கும் பையத்தான் பாப்பான். தலப்பாய பாக்க மாட்டான்."

கன்னிகாவுக்குப் புரியவில்லை. "வருசா வருசம் பங்கனபள்ளி மாம்பழம் துன்னியே, அது எங்கேர்ந்து வந்துச்சின்னு நெனச்ச? நான் சந்தையில வாங்கினன்னா?" என்றார்.

"கிளி கொத்தினது, காத்துக்கு உழுந்தது, அதத்தான் உங்க நைனா எடுப்பாரு. அந்தத் தோப்புக்காரன் அதையும் குழியில போட்டு மூடுவானே தவிர ஒருத்தருக்கும் தரமாட்டான்" என்று சமாதானம் சொன்னாள் அம்மா செல்லியம்மா.

"நல்லதையும் எடுத்தன்" என்றார் ரங்கையா. "தலையில ரெண்டு பழத்த வெச்சிக்கினு ஒருத்தன் பையக் கொட்டிக் காட்டினா சிரிப்பு வராம இன்னா பண்ணும்?"

அவள் எழுந்து கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவினாள். இருபது வருடமாக ஒரு சிரிப்பைக் கேவலம் என்று சுமந்துகொண்டிருந்திருக்கிறாள். அது அவமானப்பட்டவனின் சிரிப்பே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரைத் தினமும் முட்டாளாக்கிவிட்டுச் சிரித்த சிரிப்பு. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை, எரிச்சலாகத்தான் இருந்தது. அப்படியென்றால் அந்த ஆள் சந்தேகப்பட்டது தப்பில்லை. ஒரு ஸ்க்ரூகூட மாற்றாமல், இரண்டு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்து, நடுக்கடையில் பையைக் கொட்டி நெஞ்சை நிமிர்த்திய தான்தான் இந்தக் குடும்பத்தில் ஏமாளி. சிரிக்கவும் தெரியாத ஏமாளி.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு கோகுலகிருஷ்ணன் மறுபடி வந்தார். லேப்டாப்பை ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ரவி எழுந்து வந்து சிரித்தான். அவர் அவனைப் பார்க்கவில்லை, சுவரில் மாட்டியிருந்த சார்ஜர்களைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ரெண்டு கடையில கேட்டன். ஒருத்தன் இந்த மாடலுக்கு ஃபேனே கெடையாதுன்றான். இன்னொருத்தன் தூக்கிப் போடுங்கன்றான்."

கன்னிகா ரசீதுப் புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைத் திருப்பினாள். "இன்னா ப்ராப்ளம்?"

அவர் துணிப்பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். சத்தம். சூடு. எட்டு நிமிடம். இந்தத் தடவை அவளிடம் சொன்னார். அவள் ஒவ்வொன்றையும் நிதானமாக எழுதினாள், புதிதாகக் கேட்பவள் போல.

"பேரு?"

அவர் நெற்றி சுருங்கியது. "தெரியாதா உனக்கு?"

"ரசீதுல எழுதணும்."

"கோகுலகிருஷ்ணன்."

"வேலைய நான்தான் செய்வன். சரின்னா உக்காருங்க, ஒரு மணி நேரம் ஆவும். வாணான்னா எடுத்துக்கினு போங்க."

ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்தார். போய்விடுவார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றும் தோன்றியது. பேட்டரி வயரைப் பிடுங்கும்போது அவர் கேட்டார், "ரங்கையா நல்லா கீறானா?"

"கீறாரு" என்றாள். அந்த 'ரு'வில் ஸ்க்ரூவை முறுக்குவது போல ஒரு அழுத்தம் கொடுத்தாள்.

உள்ளே என்ன செய்கிறாள் என்று பார்ப்பதற்காக அவர் மேஜைமேல் குனிந்துகொண்டே வந்தார். நரைத்த தலையின் நிழல் திறந்து கிடந்த லேப்டாப்பின் மேல் விழுந்தது.

"வெளிச்சம் மறையுது."

ஸ்டூலைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார். அவள் தலையைத் தூக்கவில்லை. கையை மட்டும் ஆட்டினாள். இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். இன்னும் கொஞ்சம். ஸ்டூலின் பின்னங்கால்கள் கடைவாசலைத் தாண்டி சந்துக் கல்லில் போய் நின்றன. பாதி முதுகு வெயிலில் இருக்க, மடியில் காலித் துணிப்பையை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் கோகுலகிருஷ்ணன். சந்துக்குள் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. அவர் ஸ்டூலோடு தன்னைக் குறுக்கிக்கொண்டு, அது போவதற்கு வழி விட்டார்.