மூன்றாம் மாடித் தளம்

தேவிஸ்ரீ ஏணியில் நின்றபடி திருப்புளியால் மேல்தளத்தை லேசாகத்தான் குத்தினாள். அது பிடிவரை உள்ளே போயிற்று. வெளியே இழுத்ததும் காங்கிரீட் நனைந்த பிஸ்கட் போலப் பெயர்ந்து அவள் தோளில் கொட்டியது. உள்ளிருந்த கம்பி, விரல் பட்டவுடன் பழுப்புச் செதில்களாக உதிர்ந்தது.

மலாயா சுதந்திரம் பெற்ற மெர்டேக்காவுக்கு மறு ஆண்டு ஈப்போவில் எழும்பிய நான்கு மாடிக் கட்டடம் அது. முகப்பு முழுக்க வெயிலை மறைக்கும் செங்குத்தான காங்கிரீட் பலகைகள். பூவேலை, சிற்பம் எதுவும் கிடையாது. புது நாடு இப்படித்தான் இருக்க வேண்டுமென்று யாரோ ஆசைப்பட்டு வரைந்திருக்கிறார்கள் என்று தேவிஸ்ரீக்குத் தோன்றும். அவள் கட்டடக்கலைஞர். கட்டட முதலாளியான தவுக்கே, இனி இது தாங்காது என்று சொல்லி, இதை இடித்துவிட்டு ஓட்டல் கட்டப்போகிறார் என்று தெரிந்த நாள் முதல் அலைந்தாள். கூட்டம் போட்டாள், பத்திரிகைக்காரர்களை அழைத்து வந்தாள், மாநகர் மன்றத்தில் காத்துக் கிடந்தாள். போன மாதம் இடிப்பை நிறுத்தி வைத்தார்கள். எப்படிப் பழுதுபார்ப்பது என்று இனி அவள்தான் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் ஏணி ஏறியிருந்தாள்.

ஏணி நின்றது இரண்டாம் மாடியில் இருந்த புஷ்பலதாவின் தையல் கடையில். சுங்கை சிப்புட் பக்கம் தான் வாழ்ந்த ரப்பர் தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறியபோது ஈப்போவுக்கு வந்தவள். மற்ற கடைக்காரர்கள் பலர் வேறிடம் பார்த்துப் போனபோதும் தேவிஸ்ரீயின் பேச்சை நம்பித் தங்கிவிட்டாள். இப்போது தேத்தண்ணீர் வாங்கப் போயிருந்தாள்.

யாரும் பார்க்கவில்லை. ஒரு கை கலவை வைத்துப் பூசினால் ஓட்டை மறைந்துவிடும். தேவிஸ்ரீ அதை நினைத்துப் பார்த்தாள். எந்தக் கலவை என்பதுவரை நினைத்தாள். பிறகு ஏணியை நகர்த்தி வேறு இடத்தில் குத்தினாள். அங்கும் அப்படியே.

"என்னா தேவி, தலையெல்லாம் தூசி?" தேத்தண்ணீர்ப் பையுடன் புஷ்பலதா வாசலில் நின்றாள்.

"அக்கா, மேல தாஹான் பண்ணாதுக்கா, தாங்காது. எந்த நேரமும் விழும். இன்னைக்கே காலி பண்ணணும்."

புஷ்பலதா அண்ணாந்து பார்த்தாள். "தீபாவளி முடியட்டும்லா. ரவிக்கைத் துணி எவ்ளோ கெடக்கு பாரு."

"இல்லக்கா. இப்பவே."

"சரி பண்ணிரலாம்னு சொன்னியே?"

"சொன்னேன்."

"அப்ப தவுக்கே சொன்னதுதான் சரியா?"

"அவரு பாக்காமலே சொன்னாரு. நான் பாத்துட்டேன்க்கா."

புஷ்பலதா தேத்தண்ணீர்ப் பையைச் சுவர் ஆணியில் மாட்டினாள். அழவில்லை, திட்டவுமில்லை. "ஒனக்கு ஒரு வேலை போச்சு. எனக்கு?" என்றாள். தேவிஸ்ரீ கைப்பேசியை எடுத்தாள். மாநகர் மன்றத்துக்கு போன் போட்டு, பார்த்ததைச் சொன்னாள். குரல் சாதாரணமாகவே இருந்தது.

துணி மூட்டைகளை இறக்கிய பிறகு தையல் மெஷின் மட்டும் மிச்சம். இரும்புக் கால் வைத்த பழைய மெஷின். புஷ்பலதா கீழ்ப்பக்கமும் தேவிஸ்ரீ மேல்பக்கமுமாகத் தூக்கினார்கள். படிக்கட்டு சுற்றி இறங்கும் திருப்பத்தில் மெஷினின் கால் கைப்பிடிக் கம்பிக்குள் சிக்கிக்கொண்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை.

"அக்கா, ஏறுறீங்களா, எறங்குறீங்களா?" கீழே வழிக்காகக் காத்திருந்த யாரோ கேட்டார்கள்.

இரும்பைப் பற்றியிருந்த புஷ்பலதாவின் விரல்கள் மெல்ல வெளுத்துக்கொண்டிருந்தன.